இங்கே ஒருவரைப் பார்த்தேன்

திருஞானம் தன் வீட்டில் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது, அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம்தான். கதவருகே இருந்த சிறிய திரையில் அது தன் முடிவைப் பச்சை எழுத்தில் அறிவித்திருந்தது: ‘ஆளில்லை. சூடு நிறுத்தப்பட்டது. மலையைக் காத்தமைக்கு நன்றி.’

மங்கையர்க்கரசி அதை வாசித்தபோது பிற்பகல் மூன்று மணி. பேக்கரியில் வர்க்கி சுட்டு அடுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். உடம்பெல்லாம் நெய்யும் மாவும் மணந்தன. அறைக்குள் கால் வைத்தால் கிணற்றுக்குள் இறங்கியது போலிருந்தது. மூன்று போர்வைகளுக்கு அடியில் கணவரின் முகம் மட்டும் தெரிந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது.

“ஏங்க, ஹீட்டர் எப்போ நின்னுச்சு?”

“நீ போய்… கொஞ்ச நேரத்துல.” வாயின் இடது பாதி மட்டும் பேச, திருஞானத்தின் சொற்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. “நான் வீட்ல இல்லையாம். நல்லதாப் போச்சு. இன்னைக்கு சுகர் மாத்திரை மிச்சம்.”

மங்கைக்குச் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் அவருடைய இரு பக்கக் கைகால்களையும் எடுத்துக்கொண்டு போயிற்று. கேலியை மட்டும் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டது.

திருஞானம் இருபத்தெட்டு வருடம் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே பஸ் ஓட்டியவர். பர்லியாறில் டீ குடிக்க வண்டி நிற்கும். மறுபடி கிளம்பும்போது கண்டக்டர் விசில் ஊதினாலும் அவர் உடனே எடுக்கமாட்டார். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒவ்வொரு சீட்டாகப் பார்ப்பார். ஜன்னலோரத்தில் இருந்த பச்சைச் சட்டைக்காரர் ஏறினாரா, மூன்றாவது வரிசையில் கைக்குழந்தையோடு வந்த அம்மா வந்தாளா என்று பார்த்து முடித்த பிறகுதான் கியர் விழும். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பயணியையும் அவர் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை. அப்படிப்பட்டவரைத்தான் வெள்ளை வட்டம் விட்டுவிட்டுப் போயிருந்தது.

மலையில் விறகும் கரியும் எரிக்கக்கூடாது என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காடு பிழைக்க வேண்டும் என்பதில் மங்கைக்கு மறுப்பு இல்லை. எல்லோரும் மின்சார ஹீட்டருக்கு மாறினார்கள். பிறகு மின்சாரம் போதவில்லை. வாடகை வீடுகளில் ஆளில்லாத அறையிலும் ஹீட்டர் எரிகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஆகவே வாடகை வீடு ஒவ்வொன்றிலும் ஆள் இருப்பதை அறியும் கருவியைப் பொருத்த வேண்டும், அது சொன்னால்தான் சூடு என்று விதி வந்தது. சொந்த வீடுகளுக்கு அந்த விதி இல்லை. சொந்த வீட்டுக்காரர்கள் பொறுப்பானவர்கள் என்பது விதியை எழுதியவர்களின் கருத்து. விதியை எழுதியவர்கள் எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள்.

கருவியை மாட்டிக் கொடுக்கும் வேலையை ‘வெதுவெது’ என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. குன்னூருக்கு மேலே போஜன் வாடகைக்கு விட்டிருந்த எட்டு வீட்டுக் கட்டிடத்துக்கும் அவர்கள் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஆயுத பூஜை. போஜன் தன் ஜீப்புக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். புது இயந்திரத்துக்கு வைக்காமல் விடுவது மரியாதையில்லை என்று ஏணி போட்டு ஏறி, எல்லா வீடுகளிலும் வெள்ளை வட்டத்தின் நடுவே நல்ல பெரிய பொட்டாக வைத்தார். வட்டத்தின் கண்ணே அந்த நடு இடம்தான். சாயங்காலத்துக்குள் எட்டு வீடும் காலி என்று பதிவாகி, ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற விளம்பரமும் தானாகவே வெளியாகிவிட்டது. வீடு பார்க்க இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு வந்து நின்றன. போஜன் அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, மறுபடி ஏணி ஏறிப் பொட்டுகளைத் துடைத்தார்.

வட்டத்துக்குக் கண் திறந்த பிறகுதான் அதன் குணம் எல்லோருக்கும் தெரிந்தது. அசைகிறவர்களை மட்டுமே அது ஆளாக மதித்தது. மாடியில் குடியிருந்த அப்பாஸ், பக்கத்துப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். வீட்டிலும் கைகாலை வீசிக்கொண்டே இருப்பார். அவர் வீடு எப்போதும் கதகதப்பாக இருந்தது. எதிர்வீட்டு ரோசலின் ஆஸ்பத்திரியில் இரவுப் பணிப்பெண். முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னால் மாலையின் நான்காவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் ஹீட்டர் அணைந்துவிடுகிறது என்று, ஜெபத்தை நடந்துகொண்டே சொல்லப் பழகினாள். அசையாமல் அமர்ந்து ஆண்டவனை நினைப்பவர்கள் எல்லோரும் அந்தக் கட்டிடத்தில் இல்லாதவர்களாகிவிட்டார்கள்.

மங்கை வீட்டில் இருக்கும்போது தொல்லையில்லை. அவள் நடப்பாள், துடைப்பாள், சமைப்பாள். அவளைக் கண்டு வட்டம் சூடு தரும். அவள் எட்டரை மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இருபதே நிமிடத்தில் அணைத்துவிடும். வேலைக்குப் போகாமலிருக்கவும் முடியாது. போன குளிரில் திருஞானத்துக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். “இன்னொரு தடவை நெஞ்சுல குளிர் இறங்கினா என்கிட்ட கொண்டுவர நேரம் இருக்காதும்மா” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மங்கை நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினாள். எடுத்தவனின் குரல் இனிமையாக இருந்தது.

“நீங்க சொல்ற அறையில ஆள் இல்லைங்க மேடம்.”

“இருக்காருப்பா. என் வீட்டுக்காரர். படுத்திருக்காரு.”

“அப்படின்னா அவரை ஒரு தடவை கை ஆட்டச் சொல்லுங்க.”

“கை வராதுப்பா.”

“கால்?”

“காலும் வராது.”

“இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நடந்தா உடம்புக்கும் நல்லதுங்க மேடம்.”

“எழுந்து நடந்தா நான் எதுக்குப்பா உனக்குப் பேசறேன்?”

“மூச்சை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிற கருவி எங்ககிட்ட இருக்குங்க. ஆனா அது ரிசார்ட்டுக்கு மட்டும்தான். விருந்தாளிங்க நாய் கூட்டிட்டு வருவாங்க இல்லையா, நாய் தூங்கும்போது குளிரக்கூடாதுன்னு.” கடைசியில் அவன், சேவை திருப்தியாக இருந்ததா என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கேட்டான். மங்கை யாரையும் நோகடிக்க விரும்பாதவள். மூன்று கொடுத்தாள்.

வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் ஆறிப்போயிற்று. கொடியில் துண்டைக் கட்டி ஆடவிட்டாள். சூடில்லாத துண்டை வட்டம் ஆளாக மதிக்கவில்லை. ரோசலின், “ஒரு பூனை வளத்துங்கக்கா” என்றாள். வந்த பூனை, சூடு எங்கே இருக்கிறது என்பதை மனிதர்களைவிட நன்றாக அறிந்திருந்தது. அன்று மாலையே அப்பாஸ் வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

கார்த்திகை தீபத்தன்றுதான் வழி பிறந்தது. அன்று வீட்டில் எந்த அறையும் இருட்டாக இருக்கக்கூடாது என்பது மங்கையின் வழக்கம். குளியலறையில்கூட ஓர் அகல் வைப்பாள். பேக்கரியில் அன்று பொரி உருண்டைக்கும் ஆர்டர் இருந்ததால் திரும்ப இரவாகிவிடும் என்று, காலையிலேயே திருஞானத்தின் அறையில் விளக்கேற்றினாள். மண் நிரப்பிய தாம்பாளத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், கட்டிலுக்கு எட்டாத மாடத்தில் வைத்தாள். ரோசலினிடம் அவ்வப்போது எட்டிப்பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

இரவு திரும்பிக் கதவைத் திறந்தபோது இதமான சூடு முகத்தில் வந்து படிந்தது. திரையில், ‘ஒருவர் இருக்கிறார்’ என்றிருந்தது.

மங்கை கணவரைப் பார்த்தாள். “கை அசைஞ்சுதாங்க?”

“நான் இல்ல.” அவர் கண்ணால் மாடத்தைக் காட்டினார். சுடர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. “அவருதான்… இருக்காரு.”

சூடாக இருக்கிறது, அசைகிறது. வெள்ளை வட்டத்தின் கணக்கில் ஆள் என்பதற்கு அது போதும். அந்த இரவு மங்கை மாடத்தின் முன் வெகுநேரம் கைகூப்பி நின்றாள். அசையாமல்தான் நின்றாள். அப்போதும் ஹீட்டர் அணையவில்லை.

அன்றிலிருந்து தினமும் எட்டே கால் மணிக்கு விளக்கு எரிந்தது. திருஞானத்தின் மூக்கு நுனி பழைய நிறத்துக்கு வந்தது. மூன்று வாரம் நிம்மதியாகப் போயிற்று. அதற்குள் வட்டம் தன் புதிய குடித்தனக்காரரை நன்றாகப் படித்துவிட்டது. திரையில் ஒருநாள் குறிப்பு வந்தது: ‘நபர் 2: வயது சுமார் முப்பது. பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கிறார். ஓயாமல் ஆடுகிறார். வேலைவாய்ப்புப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.’ மறுவாரம் விளக்குக்குத் திருமணத் தகவல் மையத்திலிருந்து அழைப்பு வந்தது.

மங்கை வாசித்துச் சொல்ல, திருஞானம் ஒருபக்கமாகச் சிரித்தார். “அடுத்த எலெக்‌ஷன்ல ஓட்டும் குடுத்துருவாங்க. நான் நின்னா… அவர்தான் எனக்கு ஒரே ஓட்டு.”

மார்கழி பிறந்ததும் போஜன் வந்தார். கட்டிடத்துக்குப் பின்னால் மேட்டிலிருந்த பெரிய பங்களாவில் தனியாக வாழ்பவர். மனைவி இறந்துவிட்டார், மகள் தூர தேசத்தில். குரலை உயர்த்தி வாடகை கேட்டறியாதவர். அன்று வாசலிலேயே நின்று, கம்பளித் தொப்பியைக் கையில் எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

“மங்கையம்மா, தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்குப் புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா? கம்பெனியில இருந்து நோட்டீஸ் வந்திருக்கு. பதிவு பண்ணாத ஒரு ஆம்பளை இருக்கிறதா சொல்றாங்க. திருஞானம் அண்ணன் வேற வீட்டை விட்டுப் போயிட்டாருன்னு போட்டிருக்கு. ஒண்ணும் புரியல.”

மங்கை அவரை உள்ளே அழைத்துப்போனாள். போஜன் கட்டிலைப் பார்த்தார், மாடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து விளக்கைக் கும்பிட்டார்.

“இவரா அந்த ஆம்பளை?”

“நல்ல மனுஷன்,” என்றார் திருஞானம். “சிகரெட்கூட… கிடையாது.”

போஜனுக்குச் சிரிக்கவும் முடியவில்லை. “நாளன்னிக்கு ஆள் வந்து சோதனை போடுவாங்கம்மா. கருவியை ஏமாத்தினதா எழுதிட்டா, கட்டிடத்துக்கே ஹீட்டர் அனுமதி போயிருமாம். எட்டு வீட்டுக்கும். ஆறாம் நம்பர்ல கைக்குழந்தை இருக்கு.” தொப்பியை மறுபடி பிசைந்தார். “என் வீட்ல அஞ்சு ஹீட்டர் ராவும் பகலும் எரியுது. அதை எவனும் கேக்க மாட்டேங்கறான். இங்க நான் ஒரு சுவிட்சைக்கூடத் தொட முடியாது.”

அன்று மங்கை ஒரு முடிவுக்கு வந்தாள். விளக்கை ஒளித்துவைக்கப்போவதில்லை. முதல்நாள் அது சாமிக்கு ஏற்றியது. மறுநாளிலிருந்து இவருக்காக. அதில் சாமிக்கு வருத்தம் இருக்கும் என்று அவள் நம்பவில்லை. ஆனாலும் அதன் எதிரிலேயே நின்று பொய் சொல்ல அவளால் முடியாது. ஆறாம் நம்பர் குழந்தையின் சூட்டை எடுத்து இவருக்குப் போர்த்தவும் முடியாது.

சோதனைக்கு வந்தவன் பெயர் நாவரசு. கரூர்க்காரன். மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தான். மங்கை எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் சங்கடத்தோடு கேட்டுக்கொண்டான்.

“சரிங்கம்மா. இருந்தாலும் விதிப்படி நானே ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கணும். விளக்கைக் கொஞ்ச நேரம் அடுத்த ரூமுக்குக் கொண்டுபோங்க. நீங்களும் வெளிய இருங்க. நான் இங்க அசையாம உட்காரணும். கருவி என்னைக் கண்டுபிடிக்குதான்னு பார்க்கணும்.”

மங்கை விளக்கை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள். கதவிடுக்கு வழியே எல்லாம் தெரிந்தது. நாவரசு நாற்காலியில் சிலைபோல உட்கார்ந்தான். இருபது நிமிடம் கழிந்தது. ‘ஆளில்லை. நன்றி’ என்றது திரை. ஹீட்டரின் சிவப்பு மங்கிக் கறுத்தது. கடமை தவறாதவன், இன்னும் உட்கார்ந்திருந்தான். வெளியே மூடுபனி ஜன்னலை ஒட்டி நின்றது. அரைமணி நேரத்தில் அவன் உதடு நீலமாகி, பல் கிட்டி, தோள்கள் தம் போக்கில் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தன. உடனே திரை, ‘ஒருவர் இருக்கிறார்’ என்றது. ஹீட்டர் சிவந்தது.

“பாத்தீங்களா, வேலை செய்யுது,” என்றான் நாவரசு, பற்களுக்கு இடையே.

“உனக்கு நடுக்கம் வந்துச்சு தம்பி. பிழைச்சே.” திருஞானம் அவனைக் கனிவோடு பார்த்தார். “எனக்கு நடுங்கவும் வராது.”

நாவரசு எழுந்துபோய், கலைந்திருந்த போர்வை நுனியை இழுத்து அவருடைய கழுத்துவரை மூடினான். அவனுடைய விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வேலை சொல்லப்பட்டிருக்கவில்லை. பிறகு நாற்காலியை ஹீட்டரின் பக்கம் இழுத்துப்போட்டு, கையிலிருந்த பலகையில் படிவத்தைத் திறந்தான். மங்கை விளக்கோடு உள்ளே வந்தாள்.

“இரண்டாவது நபர் யார்னு கேக்குதும்மா. விருந்தாளின்னு போட்டா ஆதார் கேக்கும். விலங்குன்னு போட்டா தடுப்பூசி கேக்கும்.”

“உள்ளதை எழுதுங்க தம்பி. பொய் வேண்டாம்.”

“உள்ளதை எழுதினா மூணு நாள்ல எல்லாக் கருவிக்கும் திருத்தம் வந்துரும்மா. அப்புறம் விளக்கை அது ஆளா எடுத்துக்காது.”

“விளக்கு விளக்காவே இருக்கட்டும். என் வீட்டுக்காரரை ஆளா எடுத்துக்கச் சொல்லுங்க. அதுக்கு ஒரு கட்டம் இல்லையா உங்க படிவத்துல?”

நாவரசு மேலும் கீழும் தேடினான். இல்லை. ‘வழிபாட்டு விளக்கு. கருவி தவறாக ஆள் என்று எண்ணியது. குடியிருப்பவர் தாமே தெரிவித்தார். இதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை’ என்று எழுதி முடித்தான். கட்டிடத்தின் அனுமதி தப்பியது. அவன் கிளம்பவில்லை. சுவரிலிருந்த திரையை யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, இதுல கீழே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கே, யாராச்சும் அமுக்கியிருக்கீங்களா?”

“சிவப்பை யாரு தொடுவா?”

“இது புகார் பொத்தான். வீட்டுக்குள்ள யாராச்சும் திருட்டுத்தனமா தங்கியிருந்தா, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து காட்டிக்குடுக்கிறதுக்காக வச்சது. அமுக்கினா ‘இங்கே ஒருவரைப் பார்த்தேன்’னு பதிவாகும். ஆபீஸ்ல இருந்து ஆள் வர்றவரைக்கும், அதாவது ரெண்டு மணி நேரம், அந்த ரூம்ல ஆள் இருக்கிறதா கருவி நம்பியே ஆகணும். மறுத்துப் பேச முடியாது.”

“ஆபீஸ்ல இருந்து ஆள் வருவாங்களா?”

“இந்த மலைக்கு நான் ஒருத்தன்தாம்மா. எனக்கு நாலாயிரம் வீடு.”

மங்கை யோசித்தாள். “அது பொய்ப் புகார் ஆகாதா தம்பி?”

“பார்க்காம அமுக்கினாத்தாம்மா பொய். உள்ளே வந்து, அண்ணனை நல்லாப் பார்த்துட்டு அமுக்கினா, அதில என்ன பொய்?” அவன் படிவத்தை மூடினான். “ஒரே ஒரு கஷ்டம். நீங்க அமுக்க முடியாது. உங்க வீட்டைப் பத்தி நீங்களே புகார் குடுக்கிறதை அது ஏத்துக்காது. விரல் ரேகையை வச்சுக் கண்டுபிடிச்சிரும். வேற ஆளுங்கதான் வரணும்.”

வேறு ஆட்கள் வந்தார்கள். ஒன்பது மணிக்கு, இரவு வேலை முடிந்து திரும்பும் ரோசலின் நேரே மங்கையின் வீடான நான்காம் நம்பருக்குள் நுழைவாள். “அண்ணே, பாத்துட்டேன்” என்று பொத்தானை அமுக்கி, அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் தூங்கப்போவாள். பதினொரு மணிக்கு போஜன் ஒரு பிளாஸ்க் டீயோடு வருவார். கட்டிட உரிமையாளருக்கும் பொத்தானை அமுக்கும் உரிமை இருந்தது. உண்மையில் அது அவருக்காகவே வைத்த பொத்தான். ஸ்பூனால் டீ புகட்டியபடி அவர் தன் தோட்டத்து உருளைக்கிழங்குப் பயிரின் நோய் பற்றியும் மகள் எழுதாத கடிதங்கள் பற்றியும் பேசுவார். ஒரு மணிக்கு, பள்ளி உணவு இடைவேளையில் அப்பாஸ் ஓடி வருவார். “அண்ணே, அட்டென்ஷன்” என்பார் வாசலில். “ரெண்டு வருஷமா… இதுலதான் நிக்கறேன்” என்பார் திருஞானம்.

விளக்கு, மறுபடி சாமிக்கு மட்டும், சாயங்காலங்களில் எரிந்தது.

மனிதர்களைக் காட்டிக்கொடுப்பதற்கென்று செய்த பொத்தான் ஒரு மனிதனை மூன்று வேளை பார்த்துவிட்டு வரச் செய்தது. ஆண்டவனுக்குக் கையில் கிடைத்த கருவி போதும் என்று மங்கை நினைத்துக்கொண்டாள். நிறுவனத்தின் பதிவில் திருஞானம், ‘தொண்ணூற்றாறு முறை பார்க்கப்பட்டும் பிடிபடாத சந்தேக நபர்’ ஆனார். “இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல… இந்தப் பேரை என்னால வாங்க முடியல,” என்றார் அவர்.

தை மாதம். இரவில் விழுந்த உறைபனி காலை பத்து மணிவரை புல்லில் உப்புப்போலக் கிடந்தது. அன்று பேக்கரி அடுப்பில் பழுது என்று மங்கையைப் பன்னிரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் கதவைத் திறந்ததும் திடுக்கிட்டாள். அறை விறைத்துக் கிடந்தது. திரையில் ‘ஆளில்லை’. திருஞானத்தின் உதட்டில் நிறமில்லை.

“போஜன் அண்ணா வரலையா?”

அவர் ‘இல்லை’ என்று கண்ணை மூடித் திறந்தார்.

மங்கைக்குக் கோபம் வந்தது. அவள் அதிகம் கோபப்படாதவள்; ஆகவே வந்தபோது எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “என்ன இருந்தாலும் வீட்டுக்காரர்தானே. அஞ்சு ஹீட்டருக்கு நடுவுல உட்கார்ந்தா அடுத்தவங்க குளிரு எப்படி ஞாபகம் வரும்? இருங்க, நான் இங்கேயே நடக்கறேன், ஹீட்டர் வந்துரும்.”

“மங்கை.” அவருடைய குரல் கனத்திருந்தது. “நடக்க வேண்டாம். மேல போ. போஜனைப் பாரு.”

“முதல்ல இந்த ரூம் சூடாகட்டும். நெஞ்சுல குளிர் இறங்கினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“போர்வை இருக்கு.” அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “ஒரு மாசமா… பதினொண்ணுக்கு மேல அஞ்சு நிமிஷம் தாண்டாத ஆளு. கண்ணாடியில ஒரு சீட்டு காலியா இருக்கு. வண்டியை எடுக்கக்கூடாது. போ.”

அந்தக் குரல் மங்கைக்குத் தெரியும். பஸ் கிளம்பவில்லையே என்று கத்தும் பயணிகளிடம் அவர் பேசிய குரல் அதுதான். வழியில் ரோசலின் கதவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேட்டில் ஏறி ஓடினாள்.

பங்களாவின் முன்கதவு திறந்திருந்தது. ஐந்து அறைகளிலும் ஐந்து ஹீட்டர்கள் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. நாற்காலிகளும் மேஜைகளும் போட்டோக்களும் சுகமாகக் குளிர்காய்ந்தன. ஆள் மட்டும் இல்லை. மங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி சமையலறையைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்தாள். வெயில் படாத படியில் உறைபனி இன்னும் கண்ணாடிபோலப் பளபளத்தது. படிக்குக் கீழே, போஜன் ஒரு பக்கமாகக் கிடந்தார். இடுப்பு மடங்கி, அசைய முடியாமல் இருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் பிளாஸ்க் உடைந்து, டீ சிந்திய இடத்தில் மட்டும் பனி உருகியிருந்தது.

“மங்கையம்மா,” என்றார் மெல்ல. “நேரமாயிடுச்சு. அண்ணனுக்கு ரூம் ஆறியிருக்கும்.”

அவள் முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்தாள். பிறகுதான் அழுதாள், கோபப்பட்டதற்கும் சேர்த்து.

ரோசலின் தூக்கம் கலையாத கண்களோடு போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான்காம் நம்பரில் ஏற்கனவே பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் எலும்பைப் பற்றிக் கவலைப்படவே தேவை இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். யார் பார்த்தது என்று கேட்டார். மங்கை, “என் வீட்டுக்காரர்,” என்றாள். “படுத்த இடத்திலிருந்தே.”

போஜன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நிறுவனத்திலிருந்து அவர் பெயருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. மலையிலேயே அதிகப் புகார்களைக் கொடுத்த, மிக விழிப்பான கட்டிடம் என்ற விருது. பரிசாக, சொந்த வீட்டில் விருப்பப்பட்டால் பொருத்திக்கொள்ள, மூச்சைக் கண்டறியும் கருவி ஒன்று, இலவசம்.

பங்குனியில் அவர் திரும்பியதும் நாவரசு அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். போஜன் இடுப்பில் கட்டோடு ஸ்ட்ரெச்சரில் இருந்தார். இன்னும் ஆறு வாரம் அசையக்கூடாது.

“உங்க பெட்ரூம்ல மாட்டிரலாமாய்யா? மூச்சு விட்டாப் போதும், கண்டுபிடிச்சிரும்.”

“அதை நாலாம் நம்பர்ல மாட்டு தம்பி.”

“அங்க மாட்டக்கூடாதுன்னு விதி இருக்குங்கய்யா. வாடகை வீடு.”

“அப்போ ஆறாம் நம்பர் குழந்தைக்கு விளையாடக் குடு.” போஜன் மங்கையைப் பார்த்தார். தொப்பியைப் பிசைவதற்குக் கை தேடியது, தொப்பி இல்லை. “மங்கையம்மா, அண்ணன் ரூம்ல இன்னொரு கட்டில் போட இடம் இருக்குமா? வாடகை வேணும்னா குடுத்துடறேன்.”

நான்காம் நம்பரின் அந்தச் சிறிய அறையில் இப்போது இரண்டு கட்டில்கள். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். இருவருமே அசையவில்லை. கூரை வட்டம் தீர யோசித்து, ‘ஆளில்லை. நன்றி’ என்றது.

அன்று எட்டரைக்கே ரோசலின் வந்தாள். ஒரு கட்டிலைப் பார்த்தாள். மற்றக் கட்டிலையும் பார்த்தாள். பொத்தானை இரண்டு முறை அமுக்கினாள். ஹீட்டர் மெல்லச் சிவந்தது.

அதுவரை சமையலறையில் இருந்த மங்கை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். திருஞானம் கண்ணை மட்டும் திருப்பி, பக்கத்துக் கட்டிலையும், வாசலில் நின்ற ரோசலினையும், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவியையும் ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தார்.

“எல்லாரும் இருக்காங்க,” என்றார். “போலாம், ரைட்.”